மேயரின் சாமானியர்

அந்த மாநகரத்தில் எழுபது லட்சம் பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள மேயர் ஒரே ஒரு ஆளைத்தான் கேட்பார். அந்த ஆள் அவருடைய காரை ஓட்டுகிறவர்.

சிரிக்க வேண்டாம். எழுபது லட்சம் பேரையும் கேட்டுக்கொண்டிருக்க எந்த மேயருக்கு நேரம் இருக்கிறது? கருத்துக்கணிப்பு எடுத்தால் செலவு, கூட்டம் போட்டால் கூச்சல். காருக்குள்ளோ குளுகுளுவென்று இருக்கிறது. முன்சீட்டில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு ஒரு குடிமகன் தயாராக உட்கார்ந்திருக்கிறார். ஓடிப்போகவும் மாட்டார், வண்டி ஓடிக்கொண்டிருக்கிறதே.

மேயருக்கு நிலைப்பாடு என்றால் உயிர். எல்லையில் எத்தனை படை நிற்க வேண்டும், வருமான வரி எவ்வளவு இருக்க வேண்டும், அணுமின் நிலையம் தேவையா, வெளிநாட்டு எஃகுக்குத் தீர்வை ஏற்றலாமா என்று எதைக் கேட்டாலும் டக்கென்று பதில் வரும். காரணம், தலைநகரத்து நாற்காலி ஒன்றின்மேல் அவருக்கு ரொம்ப நாளாகக் கண். குப்பை, தெருநாய், சாக்கடை, வாகன நிறுத்தக் கட்டணம் என்று உள்ளூர்ச் சங்கதி வந்தால் மட்டும் வழவழா கொழகொழா. "இரு தரப்பு நியாயத்தையும் பரிசீலித்து வருகிறோம்" என்பார். அவர் வீட்டு வாசலில் ஒரு பள்ளம் இருந்தது. அதுவும் பரிசீலனையில்தான் இருந்தது. காரோட்டி தினமும் ஸ்டீயரிங்கை ஒடித்து அந்தப் பரிசீலனையைச் சுற்றிக்கொண்டுதான் வண்டியை வெளியே எடுப்பார்.

பெரிய தலைவர்கள் பேசும்போது ஒரு சாமானிய மனிதரை உதாரணம் காட்டுவார்கள் என்று யாரோ மேயருக்கு ஓதிவிட்டார்கள். அன்றிலிருந்து அவருடைய பேச்செல்லாம் "இன்று காலை ஒரு சாமானியரிடம் கேட்டேன்" என்றுதான் ஆரம்பிக்கும். மேடையில் அந்தச் சாமானியர் 'அவர்'. காரில் 'நீ'.

"என்னப்பா, நீ என்ன சொல்றே?"

"சரிதான் ஐயா."

பதினோரு வருஷம் இப்படியே ஓடிற்று. மாநகராட்சி வண்டிக்கொட்டகையில் அவருக்கு 'சரிதான் அண்ணன்' என்றே பெயர் விழுந்துவிட்டது. ஒரு வருஷம் வாகன நிறுத்தக் கட்டணத்தை ஏற்றுவது சரிதான் என்றார், மறு வருஷம் குறைப்பதும் சரிதான் என்றார். மரம் வெட்டும் பிரிவின் அதிகாரி கொட்டகைப் பக்கம் ஒதுங்கி, "அண்ணே, நாளைக்கு ஐயா கேட்டா வெட்டலாம்னு சொல்லிடுங்க" என்று காதைக் கடிப்பார். பூங்காப் பிரிவின் அதிகாரி வந்து, "வெட்டக் கூடாதுன்னு சொல்லுங்கண்ணே" என்பார். இருவரிடமும் அவர் சரி என்பார். இருவரும் சந்தோஷமாகப் போவார்கள். நாட்டில் இவ்வளவு பேரைத் திருப்திப்படுத்திய வேறொரு அரசியல்வாதி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அவர் தலையாட்டி என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு ஒரு தொழில் காரணம் இருந்தது. பள்ளிக்கூட வேன், சாமான் லாரி, பிறகு மாநகராட்சி வண்டி என்று கால் நூற்றாண்டு ஓட்டியும் ஒரு கீறல் விழாத கை அவருடையது. மேயரோ, பேச்சில் சூடு ஏறினால் முன்சீட்டுகளின் நடுவில் தலையை நுழைத்துவிடுவார். உள்கண்ணாடி முழுக்க மேயரின் முகம்தான் தெரியும். பின்னால் வருவது பஸ்ஸா, லாரியா, ஒன்றும் தெரியாது. எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் அந்தத் தலை இன்னும் முன்னே வரும். "சரிதான் ஐயா" என்றால் திருப்தியாகச் சீட்டில் சாய்ந்துகொள்வார், கண்ணாடி காலியாகும். ஆக, மாநகரத்தின் கொள்கைகளெல்லாம் காரோட்டிக்குப் பின்பக்கம் தெரிய வேண்டும் என்பதற்காக எடுக்கப்பட்டவை. அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? வண்டியைப் பத்திரமாக ஓட்டத்தான் அவருக்குச் சம்பளம்.

வீட்டில் கருத்து இலாகா முழுவதும் மனைவியின் கையில். அவள் முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவள். நாக்கு, கத்தரிக்கோலை விடக் கூர்மை. "எங்க வீட்டுக்காரர் சொன்னாத்தான் மேயர் கையெழுத்தே போடுவார்" என்று துணி கொடுக்க வந்தவர்களிடம் பெருமையடிக்க வாய் துடிக்கும். காரில் கேட்டதை வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று அவர் கெஞ்சியதால் அடக்கிக்கொண்டிருந்தாள். ஒரே மகள் முழுகாமல் இருந்ததால் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். ஏழாம் மாதம். ரத்த அழுத்தம் ஏறி ஏறி இறங்கிற்று. தெருக்கோடியில் மாநகராட்சியின் சின்னப் பிரசவ விடுதி, பத்துக் கட்டில். அங்கே இருந்த பெரிய நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "வலி எடுத்தா அங்க இங்க அலையக் கூடாது. நேரா இங்க வந்துடணும். உன் உடம்புக்குத் தாமதம் ஆகாது."

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் காலை, மேம்பாலம் ஏறும் வளைவில், பக்கத்துத் தடத்துக்கு மாற வேண்டிய நேரம் பார்த்து, கண்ணாடியில் மேயரின் முகம் வந்தது.

"ஊருக்குள்ள சின்னச் சின்னதா பிரசவ விடுதி இருக்கில்ல? அதையெல்லாம் மூடிட்டு, ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற பெரிய ஆஸ்பத்திரியிலேயே எல்லாரையும் சேர்த்துட்டா என்ன? நல்ல மெஷினு, நல்ல டாக்டரு. உங்க வீட்டுல யாராச்சும் பிரசவத்துக்கு இருக்காங்களா?"

"பொண்ணு இருக்கா ஐயா."

"நீ என்ன சொல்றே?"

இடதுபக்கம் தண்ணீர் லாரி ஒன்று இடைவிடாமல் ஹாரன் அடித்தது. பின்னால் இன்னொன்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணாடியிலோ மேயரின் மூக்கு.

"சரிதான் ஐயா. மூடிடலாம்."

மூக்கு விலகியது. பின்னால் லாரி எதுவும் இல்லை. லாகவமாகத் தடம் மாறினார். என்ன கேட்டார், என்ன சொன்னோம் என்பது வளைவு முடிவதற்குள் அவருக்கு மறந்தே போயிற்று. பின்சீட்டில் மேயருக்குப் பக்கத்தில் இருந்த செயலாளர் மட்டும் அதைக் குறித்துக்கொண்டார்.

அன்று மாலை வீட்டுக்குள் காலை வைத்தபோது தையல் மெஷின் ஓடவில்லை. தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. மன்றக் கூட்டத்தில் மேயர் பேசிக்கொண்டிருந்தார். "இன்று காலை ஒரு சாமானியரிடம் கேட்டேன். அவருடைய சொந்த மகளே கர்ப்பிணி. அவரே சொல்கிறார், இந்தச் சின்ன விடுதிகளை மூடிவிடலாம் என்று. இதைவிடப் பெரிய மக்கள் தீர்ப்பு வேண்டுமா?" கைதட்டல். அடுத்த மாதத்திலிருந்து எல்லா விடுதிகளும் மூடப்படும் என்று அடியில் எழுத்து ஓடியது.

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "அந்த மகராசன் நீங்கதானே?"

"லாரி வந்துச்சு..." என்று ஆரம்பித்தார்.

"எந்த லாரி? பெத்த பொண்ணு வயித்துல புள்ளையோட உக்காந்திருக்கா. இவரு லாரிங்கறாரு! பாலத்தைத் தாண்டி அவளை எப்படிங்க கொண்டுபோறது? காலையில அந்தப் பாலத்துல பஸ்ஸு எறும்பு மாதிரி ஊருறது உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அவரை விட அதிகமாக யாருக்குத் தெரியும்? ஊருக்கும் அக்கரைக்கும் நடுவில் அந்த ஒரு பாலம்தான். காலையில் ஏறினால் இறங்க ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் மெதுவாக, "நெசமாவே நீங்களாப்பா சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசலுக்குப் போய்விட்டார்.

வாசலில் இன்னும் மோசம். டீக்கடையில் தெருவே கூடியிருந்தது. "எவன்யா அந்தச் சாமானியன்? பொண்ணைப் பெத்தவனா அவன்?" என்று கடைக்காரர் கரண்டியை ஆட்டினார். விடுதியின் பெரிய நர்ஸ் கண்ணாடித் தம்ளரோடு நின்று, "அந்த ஆளு மட்டும் என் கையில கெடைக்கட்டும்" என்றார். எல்லோரும் காரோட்டியைப் பார்த்தார்கள், மேயரிடம் வேலை செய்கிறவராயிற்றே. "நீங்களே சொல்லுங்க, அவன் மனுஷனா?"

"சரியான மடையன்" என்றார் அவர். அவருடைய வாழ்நாளில் மனதாரச் சொன்ன முதல் கருத்து அதுவாகத்தான் இருக்கும்.

சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்குவது என்று முடிவு செய்தார். ஆனால் மேயரை இப்போது பிடிக்க முடியவில்லை. நாடு முழுக்கப் பார்க்கும் செய்திச் சேனல் ஒன்று அவரை நேரலையில் பேட்டிக்குக் கூப்பிட்டிருந்தது. காரில் ஒரே பயிற்சிதான். செயலாளர் கேள்வி கேட்பார், மேயர் எஃகையும் அணுவையும் எல்லையையும் ஒரு கை பார்ப்பார். நடுவில் பிரசவ விடுதியை எங்கே நுழைப்பது? காரோட்டி தொண்டையைச் செருமுவார், மேயர் அதைத் தீர்வையைப் பற்றிய சம்மதமாக எடுத்துக்கொள்வார். கடைசியில் ஒருநாள், சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது, துணிந்து வாயைத் திறந்தார்.

"ஐயா, அந்த விடுதிங்களை மூட வேணாங்கய்யா."

செயலாளரின் பேனா நின்றது. மேயரின் முகம் கண்ணாடிக்குள் வந்தது.

"நீதானே மூடலாம்னே?"

"தெரியாம சொல்லிட்டேங்கய்யா. பொண்ணுக்கு உடம்பு சரியில்ல. பாலத்தைத் தாண்டிக் கொண்டுபோக முடியாதுங்கய்யா."

மேயர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "பாத்தியா, உன் பொண்ணுன்னு வந்துட்டே. இப்ப நீ சாமானியன் இல்லப்பா. சம்பந்தப்பட்ட தரப்பு. இதுல உனக்குச் சொந்த லாபம் இருக்கு. உன் பேச்சைக் கேட்டு நான் நிலைப்பாட்டை மாத்தினா ஊரு என்னைப் பத்தி என்ன சொல்லும்?"

"மூடலாம்னு சொன்னப்பவும் எனக்கு அதே பொண்ணுதாங்கய்யா."

"அப்ப உன் நலனுக்கு எதிரா பேசினே. அதுதான் பெருந்தன்மை. அதனாலதான் அதுக்கு மதிப்பு." பிறகு அன்பாக, "எதுக்குப் பயப்படறே? பாலம் என்ன பெரிய பாலம்? எட்டு நிமிஷம். நான் தினமும் போறேன்ல?" என்றார்.

விளக்கு பச்சையானது. காரோட்டி வண்டியை எடுத்தார். முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. பதினோரு வருஷமாக அவருக்கு ஒரு சம்பந்தமும் இல்லாத விஷயங்களில் அவர் சொன்னதெல்லாம் ஊரின் குரல். வயிறு பதறிச் சொன்னது ஒன்றே ஒன்று, அது சுயநலமாம்! இருந்தாலும் மேயர் அந்த எட்டு நிமிஷத்தைப் பொய்யாகச் சொல்லவில்லை. அதுதான் அவரை அன்று முழுக்க அரித்தது.

ஏனென்றால் அந்த எட்டு நிமிஷத்தைத் தயாரித்தவரே இவர்தான். பாலத்துக்குப் போகும் முன் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறைக்கு ஒரு போன் போடுவார். உடனே காவலர்கள் ஒரு தடத்தை மறித்துக் காலியாக்கி வைப்பார்கள். பஸ்களும் ஆட்டோக்களும் மிச்சத் தடத்தில் நசுங்கிக்கொண்டு நிற்கும். மேயர் காகிதத்திலிருந்து தலை தூக்குவதற்குள் கார் அக்கரையில் இருக்கும். இதெல்லாம் மேயருக்கு யாரும் சொன்னதில்லை. அவரைப் பொறுத்தவரை அது எப்போதும் காலியாகக் கிடக்கும் பாலம், அதைப் பற்றிப் புகார் சொல்கிறவர்கள் எதிர்க்கட்சிக்காரர்கள்.

பேட்டி நாளன்று காலை மேயர் புதுக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். சேனலின் நிலையம் அக்கரையில் இருந்தது. காரோட்டி பள்ளத்தைச் சுற்றி வண்டியை வெளியே எடுத்தார். போன் சட்டைப்பையில் இருந்தது. எடுக்கவில்லை. இந்த வேலையும் அதோடு சேர்ந்த சம்பளமும் போனால் வீடு தையல் மெஷினை நம்பித்தான் ஓட வேண்டும். அது தெரிந்தேதான் எடுக்கவில்லை.

பாலத்தின் கால்வாசியில் கார் நின்றது. மேயர் எல்லைப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டு நிமிர்ந்தார். முன்னால் பஸ், பின்னால் பஸ், இரண்டு பக்கமும் ஸ்கூட்டர்கள். ஒரு ஸ்கூட்டர்காரர் கார்க் கண்ணாடியில் தன் தலையை வாரிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது? விபத்தா?"

"இல்லைங்கய்யா."

"ஊர்வலமா?"

"இல்லைங்கய்யா. தினமும் இப்படித்தான்."

"இறங்கி நடந்தா?" என்றார் செயலாளர். கதவைத் திறக்கப் பார்த்தார். ஸ்கூட்டர்காரர் அதற்கும் இடம் விடவில்லை. பேட்டி நேரம் வந்துவிட்டது. நிலையத்திலிருந்து போன் வந்தது. சரி, போனிலேயே நேரலையில் பேசிவிடலாம் என்றார்கள்.

"வணக்கம் மேயர் அவர்களே, எங்கே இருக்கிறீர்கள்?" என்றார் தொகுப்பாளினி.

"பாலத்துல இருக்கேன். எஃகுத் தீர்வையைப் பொறுத்தவரை என்னுடைய நிலைப்பாடு..." என்று ஆரம்பித்தபோது பின்னாலிருந்து ஓர் ஆம்புலன்ஸ் அலறத் தொடங்கியது. அலறிற்றே தவிர ஓர் அடி நகரவில்லை. மேயர் குரலை உயர்த்தினார். அதுவும் உயர்த்தியது. தேசம் முழுக்க எஃகுக்குப் பதிலாக ஆம்புலன்ஸைத்தான் கேட்டது.

"எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள்?"

"முக்கால் மணி நேரமா" என்றார் மேயர், எரிச்சலில் உண்மை வந்துவிட்டது.

"பிரசவ விடுதிகளை மூடிவிட்டுக் கர்ப்பிணிகளை இந்தப் பாலம் வழியாகத்தான் அனுப்பப் போகிறீர்களா?"

கண்ணாடியில் மேயரின் முகம் தெரிந்தது. வேர்த்திருந்தது. பாலத்தைப் பார்த்தது, போனைப் பார்த்தது. தலைநகரத்து நாற்காலி ஓர் ஆம்புலன்ஸில் ஏறிப் போவது அதன் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"அந்தத் திட்டத்தை நான் ஆரம்பத்துலேருந்தே எதிர்த்துட்டு வர்றேன்" என்றார் மேயர். "அதிகாரிங்க கொண்டுவந்தது. நான் இருக்கற வரைக்கும் ஒரு விடுதியைக்கூட மூட விட மாட்டேன். இந்த நெரிசலுக்கு நாட்டின் அரசாங்கம்தான் பதில் சொல்லணும்."

செயலாளரின் பேனா சீட்டுக்கடியில் உருண்டது. காரோட்டிக்கு ஸ்டீயரிங்கின் மேல் தலையைச் சாய்த்து அழ வேண்டும்போல் இருந்தது. பஸ் ஓர் அடி நகர்ந்துவிட்டதால் அதற்கும் முடியவில்லை.

கட்டுப்பாட்டு அறையைக் கேட்டு, காரோட்டி போன் போடாத விஷயத்தைச் செயலாளர் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார். இருந்தும் உடனே ஒன்றும் நடக்கவில்லை. நெரிசலில் மக்களோடு மக்களாக நின்ற மேயர் என்று பத்திரிகைகள் கொண்டாடின. கொண்டாட்டம் அடங்கும் வரை காரோட்டியைத் தொட முடியாது. மேயர் அவரிடம் அதற்குப் பிறகு எதையும் கேட்கவில்லை. சீட்டில் சாய்ந்தபடியே வந்தார். பின்பக்கம் பளிச்சென்று தெரிந்தது.

மகளுக்கு வலி எடுத்தபோது விடிந்து வெகுநேரம் ஆகவில்லை. தெருக்கோடிக்கு நடத்தியே கூட்டிப்போனார்கள். ரத்த அழுத்தம் எகிறியது. பெரிய நர்ஸ் யாரையும் உள்ளே விடாமல் கதவைச் சாத்திக்கொண்டார். கதவு திறந்தபோது பெண் குழந்தை அழுதுகொண்டிருந்தது. "இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா நான் பொறுப்பில்ல" என்று நர்ஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

வார்டுச் சுவரில் தொலைக்காட்சி ஓடியது. மேயர் ஏதோ விழாவில் பேசிக்கொண்டிருந்தார். "ஒரு சாமானியர், தன் மகளே கர்ப்பமாக இருந்தும், மூடச் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மக்கள் தவறு செய்யும்போது தடுப்பவன்தான் தலைவன்."

கட்டிலுக்குக் கட்டில் பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். "இப்படியும் ஒரு அப்பன்!" என்றார் நர்ஸ். மனைவி வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். குரலில் இன்னும் தெம்பு வரவில்லை.

"அது எங்கப்பாதான் சிஸ்டர். இந்த எடம் தெறந்திருக்கறதும் அவராலதான்."

காரோட்டி தலையைக் குனிந்துகொண்டார். அவர் வீட்டில் சொல்லியிருந்த பாலத்துக் கதையை மனைவி எடுத்துவிட, கேட்கக் கேட்க நர்ஸுக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. கடைசியில் குழந்தையைத் தூக்கி அவர் கையில் வைத்து, "தலையைப் பிடிங்க, தலையை" என்று அதட்டினார்.

அன்று பிற்பகலே உத்தரவு வந்தது. அவருக்குக் குப்பை லாரி. அதுவரை குப்பை லாரி ஓட்டியவருக்கு மேயரின் கார். வண்டிக்கொட்டகையில் இருவரும் சாவியை மாற்றிக்கொண்டார்கள். வந்தவர் இவரைவிட நாலைந்து வயது மூத்தவர், புது வெள்ளைச் சட்டை கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தது. பிரேக் எப்படி, கிளட்ச் எப்படி, எந்தப் பக்கம் கொஞ்சம் இழுக்கும் என்றெல்லாம் இவர் சொல்லிக் கொடுத்தார். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஐயா கருத்தெல்லாம் கேப்பாராமே? அதுக்கு என்ன சொல்லணும்?"

"உங்க வீட்டுல யாருக்கு என்ன ஆகும்னு யோசிச்சுட்டுச் சொல்லுங்க."

"ஓட்டும்போது எப்படிங்க யோசிக்கிறது?"

"ஓட்டும்போது யோசிக்காதீங்க" என்றார் இவர், லாரியில் ஏறிக்கொண்டே. "வண்டியை ஓரங்கட்டி நிறுத்திட்டு யோசிங்க."